ஸ்டெடிகேம்: மாட்டும் முன்பும் கழற்றிய பின்பும் – தென்னாப்பிரிக்கப் படப்பிடிப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து கேப் டவுனுக்குப் பாட்டு எடுக்க வரும் யூனிட்டிலும் சரி, டர்பனில் கேமரா உதவியாளராகச் சேரும் நம் பிள்ளைகளிடமும் சரி, ஒரே தவறைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாதபடி கேமராவை உடம்பில் தாங்கும் கருவிதான் ஸ்டெடிகேம். அதைக் கண்டதும், பாரத்தைத் தாங்கும் உடுப்பான வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு நடந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். படம் ஆடினால் 'நடை சரியில்லை' என்கிறார்கள். நடை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு ஸ்டாண்டில் வைத்துச் செய்ய வேண்டிய வேலையில் இருக்கிறது. கேமரா, மானிட்டர், பேட்டரி மூன்றையும் தாங்கும் கம்பப் பகுதிக்கு ஸ்லெட் என்று பெயர். ஸ்டாண்டில் தொடாமல் விட்டால் நேராக நிற்காத ஸ்லெட், உடம்பில் மாட்டினாலும் நிற்காது. அதைப் பிடித்து நிறுத்தக் கை இறுகும். கை இறுகினால் படம் ஆடும்.

அதனால் இந்த வழிகாட்டியின் பாதி, வெஸ்ட்டைத் தொடுவதற்கு முன்னால் நடக்கும் வேலை.

1. கிளம்புவதற்கு முன்

முதலில் பேட்டரி. லித்தியம் பேட்டரிகளைத் தனியாகக் கொண்டுபோனால் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாட்-ஹவர் வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், ஆளுக்கு இரண்டுதான். 160-க்கு மேல் பயணிகளின் பையில் இடமே இல்லை. 98 வாட்-ஹவர் வி-மவுண்ட் பேட்டரிகள் இவ்வளவு புழக்கத்தில் இருப்பது இதனால்தான். பெரிய பேட்டரி தேவைப்பட்டால் இங்கேயே வாடகைக்கு எடுங்கள். முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடுங்கள்.

அடுத்து மின்சாரம். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய சுவர் சாக்கெட்டுகளில் பெரும்பாலானவை மூன்று தடித்த உருண்டைப் பின் கொண்டவை. நம் ஊர் ஏசிக்கும் கீஸருக்கும் போடும் பெரிய பிளக் அதில் போகும், சின்ன பிளக் போகாது. சார்ஜரின் வயர் தனியாகக் கழலுமென்றால் வந்திறங்கியதும் உள்ளூர் பிளக் உள்ள வயர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆட்டம் கொடுக்கும் அடாப்டரில் இரவு முழுக்க சார்ஜ் போடாதீர்கள்.

லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, 2024 மார்ச்சுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் 2025 தொடக்கத்தில் சில நாள் திரும்பி வந்தது. மின்சாரத்தை நம்பி இருக்க முடியாது. விடுதிக்குப் போனதும் முதலில் சார்ஜ், அப்புறம் குளியல்.

பெட்டியில் இருக்க வேண்டிய சின்னச் சாமான்கள்: ஆலன் கீ செட் (மில்லிமீட்டரும் அங்குலமும் இரண்டும்), மெல்லிய எஸ்டிஐ கேபிள் (கேமராவின் படத்தை மானிட்டருக்குக் கொண்டுபோவது) இரண்டு உபரி, பவர் கேபிள் உபரி, வெல்க்ரோ பட்டை, மைக்ரோஃபைபர் துணி, மெல்லிய பிரஷ், நீர்மட்டம், வெள்ளை டேப், பேனா. அங்குல ஆலன் கீயை விட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. அமெரிக்கத் தயாரிப்பு ஸ்லெட்டில் மில்லிமீட்டர் கீயைப் போட்டுத் திருகினால் திருகாணியின் தலைதான் தேயும்.

2. ஸ்டாண்டை நிறுத்துவது

கனமான ஸ்டாண்ட், தரையில் மட்டமாக. ஸ்லெட்டின் பாரம் இறங்கும் பக்கத்துக் காலின் மேல் மணல் மூட்டை. ஸ்லெட்டை மாட்டிவைக்கும் டாக்கிங் பிராக்கெட் உங்கள் மார்பு உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். அதைவிடத் தாழ்த்தினால் ஒவ்வொரு டேக்குக்கும் முழங்காலை மடக்கி பாரத்தை இறக்க வேண்டிவரும். மாலைக்குள் இடுப்பு போய்விடும்.

பேலன்ஸ் செய்ய காற்றில்லாத இடம் வேண்டும். அறைக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள். வெளியே என்றால் வேனின் மறைவு போதும்.

3. கேமராவை முழுசாகக் கட்டுவது

லென்ஸ், ஃபில்டர், மேட் பாக்ஸ் (லென்ஸுக்கு முன்னால் வேண்டாத வெளிச்சத்தை மறைக்கும் பெட்டி), ஃபோகஸ் மோட்டார், வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர், கார்டு எல்லாம் ஏறிய பிறகுதான் பேலன்ஸ். 'ஃபில்டர் அப்புறம் போட்டுக்கலாம்' என்றால் அப்புறம் முழு வேலையும் இன்னொரு முறை. டேக்கின்போது எது மேலே இருக்குமோ அது இப்போதே மேலே இருக்க வேண்டும். லென்ஸ் மூடி மட்டும் கையில்.

கேமராவின் பாரமையத்தைக் கண்டுபிடியுங்கள். கேமராத் தட்டின் அடியில் ஒரு உருண்டைப் பேனாவை வைத்து உருட்டினால் எந்தப் பக்கமும் சாயாத ஓர் இடம் கிடைக்கும். அங்கே டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். மானிட்டர் முன்னாலும் பேட்டரி பின்னாலும் இருக்கும் வழக்கமான அமைப்பில், இந்தக் கோடு ஸ்லெட்டின் கம்பமான போஸ்ட்டின் நடுவிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் பின்னால் வரும்படி கேமராவை ஏற்றுவது நல்ல ஆரம்பம். காரணம் ஏழாம் படியில் வரும்.

கேபிள் மாட்டும் வரிசையை மறக்காதீர்கள்: முதலில் பவர், கடைசியில் எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, அப்புறம் பவர். வரிசை மாறினால் எர்த் வழியாகப் போக வேண்டிய மின்னோட்டம் எஸ்டிஐ கேபிளின் உறை வழியாகப் பாய்ந்து, கேமராவின் எஸ்டிஐ போர்ட்டையே எரித்துவிடக்கூடும். இளைஞர்கள் அவசரத்தில் பேட்டரி மாற்றும்போது நடப்பது இதுதான். போஸ்ட்டைத் தாங்கி எல்லாப் பக்கமும் திரும்ப விடும் மூட்டுதான் கிம்பல். கேபிள் அதைத் தாண்டும் இடத்தில் இறுக்கமில்லாமல் சிறு வளைவு இருக்கட்டும். இறுக்கமான கேபிள் ஸ்லெட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

4. முதல் சுற்று பேலன்ஸ்

ஸ்லெட்டை ஸ்டாண்டின் பேலன்ஸ் பின்னில் மாட்டி முன்-பின், இடம்-வலம் இரண்டையும் ஸ்டேஜ் (கேமரா உட்காரும் மேல்தட்டு) திருகுகளால் ஏறக்குறைய நேராக்குங்கள். இப்போதே துல்லியம் தேடாதீர்கள். அடியில் பாரம் அதிகமாக இருக்கும்போது ஸ்லெட் தன் குறையை மறைத்துக்கொண்டு நேராக நிற்கும். அடுத்த படிக்குப் பிறகுதான் உண்மை வெளியே வரும்.

5. டிராப் டைம்

போஸ்ட்டைக் கிடையாகப் பிடித்து விடுங்கள். அது செங்குத்து நிலையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிதானமாக எண்ணுங்கள். இரண்டு முதல் மூன்று விநாடி என்றால் பெரும்பாலான ஷாட்டுக்குப் போதும்.

ஒரே விநாடியில் விழுந்தால் அடியில் பாரம் அதிகம். கிம்பலைச் சற்றுக் கீழே இறக்குங்கள், அல்லது பேட்டரியை மேலே ஏற்றுங்கள். மெதுவாக விழுந்தால் நேர் எதிர். புதியவர்கள் அடி பாரமாக இருப்பதையே விரும்புகிறார்கள், ஏனென்றால் நிற்கும்போது அது சொல்பேச்சு கேட்கும். ஆனால் நடந்து வந்து சட்டென்று நிற்கும்போது ஸ்லெட்டின் அடிப்பாகம் முன்னே வீசி ஆடும். நின்ற பிறகு வரும் அந்த ஆட்டத்தைக் கையால் அடக்க முடியாது.

கிம்பல் கிளாம்ப்பைத் தளர்த்தும்போது இன்னொருவர் போஸ்ட்டைப் பிடித்திருக்க வேண்டும். தனியாளாகத் தளர்த்தினால் முழு ஸ்லெட்டும் கேமராவோடு வழுக்கிக் கீழே போகும். இதில் பேச்சே வேண்டாம்: ஆள் இல்லையென்றால் தளர்த்தாதீர்கள்.

6. இரண்டாம் சுற்று, துல்லியமாக

இப்போது மீண்டும் முன்-பின், இடம்-வலம். ஸ்டேஜ் திருகைக் கால் திருப்புத் திருப்பினாலும் வித்தியாசம் தெரியும். ஸ்லெட்டை நாலு திசையிலும் திருப்பித் திருப்பி விட்டுப் பாருங்கள். ஒரு திசையில் நேராக நின்று எதிர்த்திசையில் சாய்ந்தால் கோளாறு பேலன்ஸில் இல்லை: கிம்பல் நடுவில் இல்லை.

7. சுழற்சி பேலன்ஸ்

பெரும்பாலான புதியவர்கள் தாண்டிப் போகும் படி இது. போஸ்ட்டைச் சீரான வேகத்தில் சுழற்றி விடுங்கள். செங்குத்தாகச் சுழன்றால் சரி. சுழலும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடினால், நின்றபோது இருந்த பேலன்ஸ் சுழலும்போது இல்லை என்று அர்த்தம். பேட்டரியும் மானிட்டரும் போஸ்ட்டிலிருந்து வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு எடையில் இருப்பதால் இப்படி ஆகிறது. கேமராவைச் சடாரென்று பக்கவாட்டில் திருப்பும் விப் பான் ஷாட்டில் இது அப்பட்டமாகத் தெரியும்.

வைத்தியம்: பேட்டரியைச் சற்றே வெளியே தள்ளுங்கள். ஸ்டேஜ் திருகால் முன்-பின் பேலன்ஸை மீட்டுக்கொள்ளுங்கள். மறுபடி சுழற்றுங்கள். தள்ளாட்டம் குறைந்தால் அதே பக்கம் இன்னும் கொஞ்சம், கூடினால் எதிர்ப்பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மானிட்டரையும் பேட்டரியையும் ஒன்றாக நகர்த்தினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு திருகின் நிலைக்கும் பேனாவால் குறி வையுங்கள். லென்ஸ் வாரியாக ஒரு சிறு குறிப்பு வைத்திருந்தால், 32 மில்லிமீட்டர் லென்ஸிலிருந்து 50-க்கு மாறும்போது இருபது நிமிடத்தில் செய்யும் வேலை மூன்று நிமிடத்தில் முடியும்.

8. வெஸ்ட்

பாரம் தோளில் அல்ல, இடுப்பில் இறங்க வேண்டும். குடத்தை இடுப்பில் வைப்பதைப் போல, இடுப்பெலும்பின் மேல் பெல்ட் உட்கார வேண்டும். முதலில் இடுப்பு பெல்ட், அப்புறம் மார்புப் பட்டை, கடைசியில் தோள் பட்டை. தோளிலிருந்து ஆரம்பித்தால் வெஸ்ட் மேலே தொங்கும், இடுப்பு காலியாக இருக்கும்.

கேப் டவுனில் ஒரு பாட்டு ஷூட்டில் சென்னை உதவியாளர் ஒருவர், "அண்ணே, ரெண்டு டேக்ல தோள் எரியுது" என்றார். அவருடைய இடுப்பு பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே நாலு விரல் போயிற்று. பட்டையைப் பிடித்து இழுத்து, "மூச்சை விடு, இப்ப பூட்டு" என்றேன். பூட்டியதும் தோள் பட்டைக்குக் கீழே கை போகும் அளவுக்கு இடம் வந்தது. அதுதான் சரியான அளவு.

9. ஆர்மும் சாக்கெட் பிளாக்கும்

வெஸ்ட்டையும் ஸ்லெட்டையும் இணைக்கும் ஸ்பிரிங் கைதான் ஆர்ம். அது தன்னால் கிடையாக மிதக்க வேண்டும். மேலே ஏறினால் தூக்குவிசை அதிகம், கீழே இறங்கினால் குறைவு. இரண்டு பாகங்களும் ஒரே கோணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். திருகைப் பாரத்தோடு திருப்புவதா, பாரமில்லாமல் திருப்புவதா என்பது ஆர்முக்கு ஆர்ம் மாறும். உங்கள் ஆர்மின் கையேடு சொல்வதையே கேளுங்கள். ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் விரலை வைக்காதீர்கள்.

வெஸ்ட்டில் ஆர்ம் பொருந்தும் இடமான சாக்கெட் பிளாக்கின் திருகுகள் ஆர்ம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன: ஒன்று முன்-பின், இன்னொன்று இடம்-வலம். இயல்பாக நின்று, கையை எடுங்கள். ஸ்லெட் உங்களைவிட்டு ஓடினாலோ மேலே வந்து மோதினாலோ, ஸ்லெட்டை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் திருகைத் திருப்பி, மறுபடி எடுத்துப் பாருங்கள். உடம்பை வளைத்துச் சமாளிக்காதீர்கள். இவ்வளவு பாரத்தோடு இடுப்பை வளைத்துப் பகல் முழுக்க நின்றால் மறுநாள் படுக்கையில்தான் இருப்பீர்கள்.

10. எடுப்பதும் வைப்பதும்

எடுக்கும்போது ஆர்மின் பின்னை கிம்பல் கைப்பிடிக்குள் விட்டு, பூட்டு விழுந்ததா என்று பாருங்கள். முழங்காலால் எழும்புங்கள், பிறகு ஸ்டாண்டிலிருந்து வெளியே வாருங்கள்.

வைக்கும்போது ஸ்லெட் பிராக்கெட்டில் முழுதாக உட்கார்ந்து பூட்டியதை உறுதிசெய்த பிறகே ஆர்மைக் கழற்றுங்கள். பாரம் போன ஆர்ம் துள்ளி மேலே எழும்பும். ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கழற்றாவிட்டால் முகத்தில் அடிக்கும். ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஆபரேட்டரின் பின்னால் வர ஒருவரை நியமியுங்கள். டேக் முடிந்து ஸ்டாண்ட் எங்கே என்று கத்தும் நிலை வரக்கூடாது. 'கட்' என்ற சொல் கேட்டதும் ஸ்டாண்ட் மூன்றடி தூரத்தில் இருக்க வேண்டும். டேக்குக்கு நடுவே டைரக்டர் நடிகரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பாரத்தைச் சுமந்து நிற்பது வீரம் அல்ல.

11. நடை, கை, கண்

கிம்பலின் மேல் வைக்கும் கை மிக மென்மையாக இருக்க வேண்டும்: கட்டைவிரலும் இரண்டு விரல்களும் போதும். இன்னொரு கை ஆர்மை வழிநடத்தட்டும், அதுதான் இடத்தை மாற்றும். கோணத்தை மாற்றும் கையில் பலம் தேவையில்லை. ஸ்லெட்டை உடம்புக்கு அருகில் வையுங்கள். அது தள்ளிப்போகப் போக முதுகு கேள்வி கேட்கும். கண் மானிட்டரில், தரையில் அல்ல. தரையை ஒத்திகையில் பார்த்துவிடுங்கள்.

சுவரில் டேப்பால் கூட்டல் குறி ஒன்று ஒட்டி, அதை மானிட்டரின் நடுவிலேயே வைத்தபடி முன்னும் பின்னும் நடக்கும் பயிற்சியை தினமும் செய்யுங்கள். கடினமான இடம் நடப்பது அல்ல, புறப்படுவதும் நிற்பதும். அந்த இரண்டையும்தான் அதிகம் பழக வேண்டும்.

பின்னால் பார்த்தபடி கேமரா, முன்னால் பார்த்தபடி நடை என்ற நிலைக்குப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் பின்னோக்கி நடப்பதைவிட அது பாதுகாப்பு. பின்னோக்கித்தான் நடக்க வேண்டுமென்றால் ஸ்பாட்டர் அவசியம். அவர் வெஸ்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்திருப்பார். பேச்சு இல்லை, அழுத்தம்தான் மொழி: ஒரு அழுத்தம் 'படி', இரண்டு 'நில்' என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேமரா தரைக்கு அருகில் வரும் லோ மோடுக்கு ஸ்லெட்டைத் தலைகீழாக மாற்றினால் நான்காம் படியிலிருந்து முழுதாக மறுபடி ஆரம்பம். உதவி இயக்குனரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், கால் மணி நேரமாவது வேண்டும்.

12. இந்த ஊரின் தொந்தரவுகள்

கேப் டவுனில் கோடைக்காலத்துத் தென்கிழக்குக் காற்று, ஊர்க்காரர்கள் கேப் டாக்டர் என்பார்கள், ஸ்லெட்டை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மேட் பாக்ஸின் மடல்களைக் கழற்றி, கிளிப்-ஆன் மேட் பாக்ஸ் போடுங்கள். பரப்பு குறைந்தால் காற்றுக்குப் பிடி குறையும். கிரிப் (கேமரா சாதன உதவியாளர்) இருவர் வலை கட்டிய ஃபிரேமைக் காற்று வரும் பக்கம் பிடித்தபடி கூடவே வரட்டும். காற்றோடு சண்டையிட டிராப் டைமைக் குறைக்காதீர்கள். அப்போது காற்று ஓயும் ஒவ்வொரு முறையும் ஸ்லெட் ஆடும். கேப் டவுனின் போ-காப் பகுதியில் கற்பாவிய சரிவுத் தெருக்களில் கால் பதியும் இடத்தை வெறுங்கையோடு நடந்து பார்த்து, ஆடும் கற்களை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்பனிலோ சென்னையிலோ பழகிய உடம்புக்கு ஓடும் ஷாட்டில் மூச்சு வாங்கும். முதல் நாளே ஓட்ட ஷாட்டை வைக்க வேண்டாம் என்று அட்டவணை போடுபவரிடம் சொல்லுங்கள்.

டர்பன் கடற்கரையில் உலர்ந்த மணலில் நடக்காதீர்கள். ஈரம் பட்டு இறுகிய மணலில் நடங்கள், முடியாவிட்டால் பிளைவுட் பலகை போடுங்கள். ஏசி வேனிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் பனி படியும். பெட்டியைத் திறக்காமல் வெளியே வைத்து, வெப்பத்துக்குப் பழகட்டும்.

கோயில் ஷூட் தனிக்கதை. தைப்பூசக் காவடியும் ஈஸ்டர் வாரத்துத் தீமிதியும் எடுக்க நம் ஆட்களைத்தான் கூப்பிடுகிறார்கள். காலணி கிடையாது. வெயிலில் கொதிக்கும் தரையில் பாரத்தோடு வெறுங்காலில் நின்றால் கால் தானாகத் துள்ளும், படமும் துள்ளும். ரப்பர் அடி வைத்த தடித்த சாக்ஸை நிர்வாகத்திடம் கேட்டு அனுமதி வாங்கிப் போடுங்கள். சிலர் அனுமதிப்பார்கள், சிலர் மாட்டார்கள். மறுத்தால் காலையிலேயே எடுத்துவிடுங்கள், அல்லது ஈரச் சாக்குப் பாதை போட்டுத் தரச் சொல்லுங்கள். விபூதி, குங்குமம், மஞ்சள் தண்ணீர் மூன்றும் கிம்பலுக்கு எதிரி. காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். காவடி எடுப்பவர் ஆடிக்கொண்டு வரும்போது வழி அவருடையது. அலகு குத்தியவருக்கு அருகில் ஸ்பாட்டர் இல்லாமல் போகவே கூடாது.

13. பராமரிப்பு

தினமும் இரவு: நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். கடல் உப்பு உலர்ந்து படிந்தால் அது ஈரத்தை மறுபடி இழுத்து அரிக்கும். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்பும் மணலும் தேய்த்துக் கீறும். பிரஷால் முதலில் மணலைத் தட்டுங்கள்.

கிம்பல் பேரிங்கில் எண்ணெய் விடாதீர்கள், ஸ்பிரே அடிக்காதீர்கள். எண்ணெய் தூசியைச் சேர்த்து வைக்கும், பேரிங்கில் ஏற்கெனவே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். காற்றுக் குழாயால் ஊதினாலும் தூசி உள்ளேதான் போகும். கிம்பலைச் சோதிக்க, கேமரா இல்லாமல் மெதுவாகத் திருப்பிக் கையில் சொரசொரப்பு தட்டுகிறதா பாருங்கள். தட்டினால் நீங்கள் பிரிக்க வேண்டாம், சர்வீஸுக்கு அனுப்புங்கள். அதில் பேரிங்கைத் தப்பாக அடித்து ஏற்றிவிட்டால் கிம்பல் மறுபடி நடுவில் வராது.

வாரத்துக்கு ஒருமுறை எல்லாத் திருகுகளும் இறுக்கமா, ஆர்மின் ஸ்பிரிங் அல்லது கேபிளில் பிரிந்த இழை இருக்கிறதா, கனெக்டர் பின்கள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ஆர்ம்களில் கேபிள் இழை ஒன்று பிரிந்திருந்தாலும் அன்றைய வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

வெஸ்ட்டின் பேடுகளைக் கழற்றி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நுரை இறுகும். வெல்க்ரோவில் சிக்கிய நூலையும் முடியையும் பழைய டூத் பிரஷால் எடுங்கள். பிடி தளர்ந்த வெல்க்ரோவால்தான் இடுப்பு பெல்ட் ஷாட்டின் நடுவே நழுவுகிறது.

சில வாரம் வேலை இல்லையென்றால் பேட்டரியை பாதி சார்ஜில் வையுங்கள். முழு சார்ஜிலோ காலியாகவோ வைத்தால் ஆயுள் குறையும். ஆர்மின் தூக்குவிசையைத் தளர்த்தி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். டர்பனின் ஈரத்தில் அந்தப் பைகளை மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பெட்டியை மூடும் முன் ஆலன் கீக்களை எண்ணிப் பாருங்கள். எப்போதும் ஒன்று குறையும், அது பெரும்பாலும் கிரிப் வேனில் இருக்கும்.